ராசப்பன் காட்டு வாசிப்பு

ராசிபுரத்துக்குப் பக்கத்து ஊர் ராசப்பன், தன் கம்பு விளைந்த மேட்டுக்காட்டில் வாசிப்பு விருந்து வைக்கிறான் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. அப்போதெல்லாம் ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களே நாலு பேர்தான். அதில் மூவரை ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்துவிட்டு, செங்கோட்டையனை மட்டும் நடுக்காட்டு மேடையில் ஏற்றிவிட்டான் ராசப்பன். செங்கோட்டையனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஏப்பா, எல்லாரும் ஒண்ணா வாசிச்சா யாருக்குப் புரியும்?"

"அவிங்கவிங்க புஸ்தகத்தை அவிங்கவிங்க வாசிங்க மாமா. சத்தம் மட்டும் கொறையக் கூடாதுங்க."

ஒரு மூலையில் பஞ்சாங்கம். ஒரு மூலையில் மூன்றாம் வகுப்புப் பாடம். இன்னொரு மூலையில் ஒப்பாரிப் புத்தகத்தோடு பாப்பாயி. நடுவில் செங்கோட்டையன், சேலத்தில் வாங்கிய துப்பறியும் நாவலைத் தொண்டை கிழிய வாசித்தார். கொலை விழும் கட்டத்தில் எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்.

"அப்படித்தானுங்க மாமா!" என்று கீழே ராசப்பன் கை தட்டினான். ரசிகன் என்றால் இவனல்லவா ரசிகன்!

தினமும் இப்படியே வாசித்ததில் பத்தாம் நாள் செங்கோட்டையனுக்குக் குரல் போய்விட்டது. ஒரு நாள் முழுக்கக் கஷாயம் குடித்துத் தேற்றிக்கொண்டு, கடைசி அத்தியாயத்தோடு ஓடிவந்தார். மேடையைக் காணோம். காடு மொட்டையாகக் கிடந்தது.

"ஏப்பா, கொலைகாரன் யாருன்னு தெரிய வேண்டாமா?"

"இனி எதுக்குங்க மாமா? கம்பங்கருது நேத்தே அறுத்தாச்சுங்களே!" ராசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்க புண்ணியத்துல இந்த வருசம் ஒரு குருவிகூட எறங்கலைங்க."