சாயங்கால வகுப்பு

"பயிற்சி சொல்லித் தர்றவர்கிட்டயே பொய் சொல்லியிருக்கீங்களேப்பா! காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி உங்களுக்குக் கண்ணே திறக்காதாமே?"

மகள் கேட்டதும், அப்பா மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முப்பது வருடமாக ரொட்டிக் கடை வைத்திருப்பவர். ஊர் தூங்கும்போதே எழுந்து அடுப்பு மூட்டிவிடுவார். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தலை ஆடத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவர், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, இதயப் பயிற்சிக் கூடத்தில் கேட்டு வாங்கிச் சேர்ந்திருப்பது சாயங்கால வகுப்பில்!

"டாக்டர் என்ன சொன்னார்? அவங்கவங்க உடம்பு எப்போ சுறுசுறுப்பா இருக்கோ, அப்போ பயிற்சி செஞ்சா இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னாரா இல்லையா? சேவலையே எழுப்பி விடற ஆளு நீங்க!"

"சாயங்காலம் காத்து நல்லா வருதும்மா."

"நாலு சுவருக்குள்ள சைக்கிள் மிதிக்கிறதுக்குக் காத்து எதுக்கு? ரெண்டு மாசமா மிதிச்சும் ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. இப்படியே போனா..."

ஆம்புலன்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன அந்த அரை மணி நேரம் இன்னும் அவள் கண்ணிலேயே நிற்கிறது. வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டே பேர்.

அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். முடியில் மாவு ஒட்டிக்கொண்டது.

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

உள்ளே போனவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை.

"வேர்த்துக் கொட்டப் போற இடத்துக்கு இஸ்திரிச் சட்டையா?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் கிளம்பியதும், கடையைப் பூட்டிக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். இன்றைக்கே அவரைக் காலை வகுப்புக்கு மாற்றாமல் திரும்புவதில்லை என்று முடிவு.

பயிற்சிக் கூடத்தில், பயிற்சியாளர் அவளைக் கண்ணாடிச் சுவர் ஓரமாக அழைத்துப் போனார். உள்ளே வரிசையாகச் சைக்கிள்கள். எல்லோருடைய முதுகும்தான் தெரிந்தது. நீல முதுகு அப்பாவுடையது. பக்கத்துச் சைக்கிளில், கழுத்தளவு வெட்டிய நரைமுடியோடு ஒரு பெண்மணி.

மணி அடித்தது. எல்லோரும் மூச்சிரைக்க மிதித்தார்கள். மறுபடியும் மணி. கால்கள் நிதானத்துக்கு வந்தன. அவ்வளவுதான், அப்பாவின் தலை பக்கத்துச் சைக்கிள் பக்கம் சாய்ந்தது. அவர் என்ன சொன்னாரோ, இரண்டு பேர் தோளும் குலுங்கின.

"ஓஹோ, இதானா சங்கதி!" என்றாள் மகள்.

"அவர் விடியக்கால ஆளுன்னு எனக்கும் தெரியும் மேடம். முதல் வாரமே கொட்டாவி காட்டிக் கொடுத்துடுச்சு. காலையில வாங்கன்னு எவ்வளவோ சொன்னேன். 'அவங்க வர்ற வரைக்கும் நானும் சாயங்காலம்தான் வருவேன்'னுட்டார்."

"யாரு அந்த அவங்க?"

"இங்க வர்றவங்கள்லயே ரொம்பப் பலவீனமான இதயம் அவங்களோடதுதான். ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தூக்கமே வருமாம், அதனால சாயங்காலம். தனியா இருக்காங்க. 'பிழைச்சு யாருக்கு என்ன ஆகப்போகுது, இனிமே வரலை'ன்னு சொல்லிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாங்க. அன்னைக்குத்தான் உங்க அப்பா சேர வந்தார். வாசல்லயே நிறுத்தி என்ன பேசினாரோ, மறுநாள் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துச் சைக்கிள்! அப்புறம் அவங்க ஒரு நாள்கூடத் தவறலை. போன வாரம் பரிசோதனை பண்ணின டாக்டரே, 'இனி பயமில்லை'ன்னுட்டார்."

கொண்டுவந்த கோபம் எங்கே போயிற்று என்று மகளுக்கே தெரியவில்லை.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா எங்க அப்பாவோட இதயம்?"

"அதுக்கும் வழி இருக்கு. நாளையிலேர்ந்து காலையில வந்து மிதிக்கட்டும். சாயங்காலம் நானே ஒரு நாற்காலி போட்டுடறேன், பக்கத்துல உட்கார்ந்து பேசட்டும். பேச்சுக்கு எந்த நேரமும் உடம்பு ஒத்துக்கும்!" பயிற்சியாளர் சிரித்தார். "உண்மையைச் சொல்றேன் மேடம், அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க யாராவது இருந்தா, உங்க அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடணும்."

கடைசி மணி அடித்தது. அந்தப் பெண்மணி சைக்கிளிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினார்.

மகளின் இரண்டு கைகளும் தாமாகவே குவிந்தன.

"ஐயோ, நீங்க எதுக்கு மேடம் கும்பிடறீங்க?"

"போன்ல எப்போ கேட்டாலும், 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்'ம்பாங்க சார்," என்றாள் அவள், கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல். "ராத்திரி விளக்கை எப்போ அணைக்கிறதுன்னு அப்பாவோட சண்டை போட்டுக்கிட்டு, பத்து வருஷத்துக்கு முன்னாடி பெட்டியைத் தூக்கிட்டுப் போன எங்க அம்மா!"