வளையல் ஏறாத இரண்டு கைகள்

கிட்டே வாங்க கண்ணுகளா, ஓரகத்திகள் இருவரின் கதை சொல்கிறேன்.

இளையவள் ஓவியா விலாவில் இன்னும் இரண்டு கைகளைக் கடையில் வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்த நாளிலிருந்து மூத்தவள் சுகந்திக்கு வயிறு எரிந்தது. தோசை வார்த்துக்கொண்டே சட்னியும் அரைத்து, மாமியாரிடம் நல்ல பெயரையெல்லாம் ஓவியாவே அள்ளிக்கொண்டாள்.

ஓவியாவுக்கு வளைகாப்பு நடந்தது. "பெத்தவ குடுத்த கைக்குத்தான் வளையல். கடையில வாங்குன கைக்கு எதுக்குடி?" என்று வந்த பெண்கள் சிரித்தார்கள். 'நல்லா வேணும்' என்று சுகந்திக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஓவியா அந்த இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முந்தின நாள் சுகந்தியின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கைகள் அவை.

சுகந்தி வளையல் தட்டை இழுத்தாள். "நீட்டுடி. இந்தக் கையப் பாத்து வயிறெரிய நான் ஒருத்தி போதும். ஊருக்கு என்ன வந்துச்சு?"

உங்கள் வீட்டில் எத்தனை கை இருந்தாலும் அத்தனையிலும் வளையல் குலுங்கட்டும், கண்ணுகளா.