பத்துக்கு எத்தனை

ஆஸ்திரேலியாவின் மில்டூரா ஊரில் காலை வெயில் ஜன்னல் திரைப்பட்டைகளின் இடுக்கு வழியே கோடு கோடாக டாக்டர் ஃபெனெக்கின் மேசைமேல் விழுகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் மெரின் நாற்காலியின் நுனியில், இடது தொடையில் பாரத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அடிவயிற்றிலும் இடுப்புக்குள்ளும் ஏழு வருடமாக வலி. முழுதாக உட்கார்ந்தால் உள்ளே கொக்கி போட்டு இழுக்கிறது. வெளியே யூகலிப்டஸ் மரத்தில் கிளிகள் ஓயாமல் கத்துகின்றன. சொல்ல வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். தாள் கைவியர்வையில் நமுத்துவிட்டது. போன வருடம் வேறோர் ஊரில், விழுங்கிவரும் மாத்திரையைவிட வலுவான வலிமருந்து கேட்டபோது, அந்த டாக்டர் போதைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வை இங்கேயும் வந்துவிடுமோ என்று ஃபெனெக்கின் புருவத்தையே கவனிக்கிறாள்.

"மாத்திரை கேக்குதா மெரின்?"

"கேக்குது டாக்டர்." பழக்கத்தில் வந்துவிடுகிறது. "இல்ல. ரெண்டு மணி நேரந்தான் கேக்குது. நேத்து புள்ளைங்கள எறக்கிவிட்டுட்டு அப்படியே ஸ்டியரிங் மேல கவுந்துட்டேன். வேற ஏதாவது பாருங்க."

"வலிக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"எட்டு."

கணினியில் தட்டிக்கொண்டிருந்த டாக்டரின் விரல்கள் நிற்கின்றன. "போன தடவ நாலுன்னீங்க."

"எட்டுன்னா நம்ப மாட்டீங்கன்னு நாலு சொன்னேன்."

டாக்டர் கணினித் திரையை ஒருபக்கம் தள்ளிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. எதையும் கொறைக்காம சொல்லுங்க."

மெரின் நமுத்த தாளைத் தொடைமேல் விரித்து, முதல் வரியில் விரலை வைக்கிறாள். டாக்டர் காத்திருக்கிறார்.