பத்தாம் நம்பர் பள்ளம்

கருவிப்பெட்டியின் கறுப்பு ஸ்பஞ்சில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரின் பள்ளம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் மீட்புத்துறையின் ஹெலிகாப்டர் எழும்பக் கூடாது. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் மெக்கானிக் அவள். அவள் கையெழுத்திட்டால்தான் அது பறக்கும். தகரக் கூரையில் மழை அடித்து நொறுக்குகிறது. கயிற்றில் இறங்கி ஆட்களைத் தூக்குகிற அவள் தம்பி, இடுப்பு வாரை இறுக்கியபடி நிற்கிறான். "அக்கா, வெள்ளத்துல மொட்டை மாடியில ஏழு பேரு நிக்கிறாங்க. கையெழுத்தப் போட்டுத் தொலையேன்." "கயித்துல தொங்கப்போறது நீ. ஸ்பேனர் கிடைக்காம போடமாட்டேன்." அவன் பல்லைக் கடிக்கிறான். பிறகு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு டார்ச்சைப் பிடிக்கிறான். அவள் ஏணியில் ஏறி, காலையில் தானே மூடிய வால்பகுதித் தகட்டை மறுபடி திறந்து, தோள்வரை கையை விடுகிறாள். எண்ணெய்ப் பிசுக்கு, குளிர்ந்த குழாய், அப்புறம் வால் விசிறியைச் சுழற்றும் தண்டு. அதன்மேல் சாய்ந்து கிடக்கிறது ஸ்பேனர். பறந்திருந்தால் அது தண்டில் சிக்கி ஹெலிகாப்டரையே வீழ்த்தியிருக்கும். அவள் அதைத் துடைத்துப் பள்ளத்தில் வைக்கிறாள். தகட்டை மூடிவிட்டுப் பதிவேட்டில் எழுதுகிறாள்: 'ஸ்பேனரை உள்ளே விட்டது நான்.' "அதான் கிடைச்சிடுச்சுல்ல, எதுக்கு எழுதுற? வேலையே போயிடும்க்கா." மழைச் சத்தத்தில் பேனாவின் கீறல்கூடக் கேட்கவில்லை. அவள் அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்திட்டு, அவன் இடுப்பு வாரை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். "ஏறு," என்கிறாள்.