பிண நடை

சோமசேகரம் மூன்றாம் முறையும் சுவரில் மோதி விழுந்தார். தூக்கிவிட வேண்டிய பக்கத்து வீட்டுக் கனிசியஸ் கதிரையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, விழுந்தது நல்லாயிருக்கு. ஆனா கையை நீட்டாதேங்கோ. அது படத்திலை வாற பிணம். உண்மையான நோயாளி, வருத்தக்காரன், கை நீட்டான்."

அரியாலை வீட்டில் நாலு நாளாக இந்த ஒத்திகை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இயக்கம் கொடுக்கும் பாஸ் வேண்டும். சண்டைக்கு ஆகக்கூடிய சோமசேகரத்தின் வயதுக்காரருக்கு, கொழும்பில்தான் வைத்தியம் என்று டொக்டர் கடிதம் கொடுத்தாலொழியப் பாஸ் கிடையாது. வயிற்றுப் பிள்ளையோடு கொழும்புக்குப் போன மனைவி கமலாவதி அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு இரண்டு வயது முடிகிறது. இவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. இருந்தால் இருப்புக் கொள்ளாது, படுத்தால் நித்திரை வராது.

மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட கனிசியஸுக்கு வழி காட்டியது, ஜெனரேற்றர் வைத்து ஓட்டிய ஒரு பேய்ப்படம். செத்தவர்கள் எழும்பி ஊரைத் துரத்துகிற கதை. எல்லாரும் பயந்தபோது அவன் பிணங்களின் காலைப் பார்த்தான். பிடரிப் பக்கத்துச் சிறுமூளை பழுதானால்தான் அந்த நடை வரும் என்றான்: கால் அகலும், உடம்பு தள்ளாடும், எட்டிப் பிடிப்பது தவறும். முன்மூளையும் போனதால் பிணத்துக்கு யோசனை இல்லை, பசியும் கோபமும்தான் மிச்சம்.

"உங்களுக்கு முன்மூளை வேணும் அண்ணை. டொக்டரைக் கடிச்சுப் போடாதேங்கோ."

சோமசேகரம் சிரிக்கவில்லை. நாடியில் இரண்டு புது வெட்டுக்காயங்கள் எரிந்தன. பொருளாதாரத் தடைக்குள் ஒரே பிளேட்டை மாதக்கணக்காகத் தீட்டிச் சவரம் செய்தால் வேறென்ன நடக்கும்?

நடை மட்டும் சுலபமாகப் பிடிபட்டது. இவ்வளவு கெதியாக வருமென்று தான் நினைக்கவில்லை என்றான் கனிசியஸ்.

அடுத்த நாள் காலை, டொக்டரின் அறைக்குள் கால் வைத்ததும் பதற்றத்தில் எல்லாம் குழம்பியது. இரண்டு கைகளும் தாமாக முன்னே நீண்டன.

டொக்டர் பேனையை மூடினார். "அந்தப் படம் நானும் பாத்தனான்."

சோமசேகரம் கையை இறக்கினார். நடிப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். பிள்ளையைப் பற்றியும் சொன்னார். இனி வெளியே போகச் சொல்வார் என்று நின்றார்.

டொக்டர் கதிரையைக் காட்டினார். தன் விரலை இடமும் வலமுமாக நகர்த்தி, தலை திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். திரும்பவும் அதையே செய்தார். பிறகு, நடிக்காமல் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்தில் குத்தியது. பயத்தில்தான் என்று நினைத்தார்.

டொக்டர் எழுதத் தொடங்கினார். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்து, முத்திரை குத்தி நீட்டினார்.

சோமசேகரம் கடிதத்தின் மற்ற நுனியைப் பிடித்தார். "எனக்காக ஒரு பொய் எழுதியிருக்கிறியள். என்ரை பிள்ளை உங்களை மறவாது, ஐயா."

டொக்டர் கடிதத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் பொய் எழுதேல்லை, தம்பி."