நாற்பது பேருக்கும் தெரியாது

ஜெயலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொரு வருஷமாக இந்த ஊருக்குக் கிராம சுகாதார நர்ஸ் அவள்தான். வெயில் மழை பாராமல் மீன்சுருட்டியிலிருந்து டிவிஎஸ் ஐம்பதில் வந்து, குழந்தைக்கு வயிற்றால் போனால் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள் என்று தொண்டை வறளக் கத்தியவள். இன்றைக்கு அதையே ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து சொல்ல, நாற்பது பெண்கள் காணாததைக் கண்டதுபோல் கேட்கிறார்கள்.

ஹெலனுக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலாந்தில் படிப்பை முடித்துவிட்டு, ஏழைக் குடும்பங்களின் ஆரோக்கியத்தை உயர்த்தியே தீருவது என்று ஆறு வாரம் சம்பளமில்லாச் சேவைக்கு வந்திருந்தாள். வந்த இரண்டே நாளில் வெயில் அவளை முந்திரிப்பழ நிறமாக்கிவிட்டது. அவள் பேசுவதைத் தமிழில் சொல்லும் வேலையும் ஜெயலட்சுமி தலையில்தான் விழுந்தது.

"ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணி. ஆறு ஸ்பூன் சக்கரை, அரை ஸ்பூன் உப்பு," என்றாள் வேண்டாவெறுப்பாக.

"ஏ அம்மாடி, வயித்தால போறப்ப தண்ணி குடுக்கணுமா?" முதல் வரிசையில் இருந்த பூங்காவனம் மோவாயில் கை வைத்தாள். "குடுத்தா இன்னும் போவுமேன்னு நாங்க நிறுத்தில்ல வச்சிருந்தோம்."

போன மாதம் பேரனுக்கு வயிற்றால் போனபோது, செம்பு நிறைய உப்பு சர்க்கரைத் தண்ணீரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் இதே பூங்காவனம்தான். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டாமா?

வெள்ளைத் தோலைக் கண்டால் பல்லை இளிக்கிற சனம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டை எடுத்து மளமளவென்று எழுதினாள். ஊர்ப் பெயர் சரியா என்று ஜெயலட்சுமியிடம் நீட்டினாள்.

'நாற்பது தாய்மார்கள். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்றுதான் கற்றுக்கொண்டார்கள்.'

வெள்ளிக்கிழமை இதை டாக்டரிடம் கொடுக்கப் போகிறேன் என்றாள் பெருமையாக.

ஜெயலட்சுமி அந்த மூன்று வரியையும் இன்னொரு தடவை படித்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலே விளக்கம் கேட்கிறவர். பதினொரு வருஷமாக என்ன கிழித்தாய் என்று மெமோ வரும். பின்னாலேயே எங்கோ தூரத்தில் வேப்பந்தட்டைப் பக்கம் மாற்றலும் வரும். மீன்சுருட்டியில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

ஹெலன் கை கழுவ அடிபம்புக்குப் போனதும் பூங்காவனத்திடம் பாய்ந்தாள்.

"ஏன் பூங்காவனக்கா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடணும்னு எத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தீங்க?"

"என்னாச்சு நர்சம்மா?"

"நாப்பது பேருக்கும் ஒண்ணுமே தெரியாதுன்னு அந்தப் பொண்ணு எழுதி வச்சிருக்கு. டாக்டர் பாத்தா என்னையத் தூக்கியடிச்சிடுவாரு. தெரியும்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?"

"அது வந்த மொத நாளே தெரியும்னு சொன்னமுங்க," என்றாள் பூங்காவனம் நிதானமாக. "நீங்க அன்னைக்கி மீட்டிங்குக்குப் போயிட்டீங்க. அதுவே படத்தக் காட்டிக் கை கழுவச் சொல்லுச்சு. தெரியும்னோம். தண்ணியக் காய்ச்சச் சொல்லுச்சு. தெரியும்னோம். முருங்கக்கீரை படத்தக் காட்டுச்சு. அதுவும் தெரியும்னோம். சாயங்காலம் பாத்தா முந்திரி மரத்தடியில உக்காந்து, 'தெரியும், தெரியும்'னு நம்ம வார்த்தையவே சொல்லிச் சொல்லி அழுவுது."

"அதுக்கு?"

"விருந்தாளி வாங்கியாந்த பலகாரத்த, எங்க வூட்லயே இருக்குன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? இப்பத்தான் மொத தடவ திங்கிறோம்னு வாங்கிக்கறதுதானங்க மொறை."

ஜெயலட்சுமிக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி மெமோவை நினைத்து அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்ட நாங்க நாப்பது பேரும் வந்து சொல்றமுங்க. எல்லாம் நர்சம்மா சொல்லிக் குடுத்ததுதான், அந்தப் பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னு நாங்கதான் பொய் சொன்னோம்னு. எழுதிக் கேட்டாலும் கைநாட்டு வச்சித் தரோம்."

மீதியும் இறங்கிவிட்டது. சனம் நன்றி கெட்டதில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதைக் காட்டிக்கொள்ளாமல் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"உண்மையத்தான சொல்லப் போறீங்க. தொண்ணூறுல நான் வந்து சொல்றதுக்கு முன்னாடி இந்த ஊருல யாருக்குத் தெரியும்? நீங்கல்லாம் அன்னைக்கி ஆன்னு வாயப் பொளந்து கேட்டது இன்னும் என் கண்ணுல நிக்கிது."

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி அவசரமாகக் குழந்தைக்குப் பேன் பார்க்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா?" என்றாள் ஜெயலட்சுமி.

பூங்காவனம் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"வயித்தால போனா கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுக்கறது எங்க மாமியா காலத்துலேருந்தே பழக்கந்தாங்க. ஆனா அன்னைக்கி நீங்க வேலைக்குச் சேந்த மொத நாளு. தெரியும்னு சொல்ல எங்களுக்கு மனசு வரலைங்க."