பன்னிரண்டு எண்ணும் வரை

பிக்கெட் கத்தரியை எடுத்து, திரையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினார்.

"ஏய், ஏய்! அது என்ன, உன் வீட்டுக் கைக்குட்டையா?" மேடை மேலிருந்து பாட்டுக் குழுத் தலைவன் ஹாய்ட் கத்தினான்.

தீயணைப்புத் துறைச் சட்டை போட்டிருந்த பிக்கெட் நிமிரவில்லை. "பொருட்காட்சி மேடையில தொங்கறது எதுவா இருந்தாலும் நெருப்பு காட்டிப் பாக்கறது என் வேலை சார். பத்திக்கலேன்னா தாராளமா மாட்டிக்குங்க."

வெர்லீன் ஓரமாக நின்று கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபதடித் திரை. சிவப்புத் துணி, குறுக்கே இரண்டு நீலப் பட்டைகள், பட்டைகளில் வெள்ளை நட்சத்திரங்கள். அடிமைகளை விடமாட்டோம் என்று சண்டை போட்டுத் தோற்றவர்களின் கொடி. வெர்லீனுடைய பாட்டனுக்குப் பாட்டன், இதே ஜார்ஜியாவில், அப்படி ஓர் அடிமை.

முப்பத்தோரு வருடமாக அந்தக் கொடிக்கு முன்னால் நின்றுதான் அவள் பின்பாட்டுப் பாடுகிறாள்.

'டர்ப்பன்டைன் ரோடு' குழுவில் அந்தத் திரைக்குத்தான் ஆயுசு கெட்டி. முதல் பாடகன் குடித்தே செத்தான். டென்னஸியில் பஸ் கவிழ்ந்து இரண்டு பேர் போனார்கள். குழுவின் பெயர் யாருக்கு என்று ஹாய்டும் அவன் தம்பியும் ஒன்பது வருடம் கோர்ட்டில் கட்டிப் புரண்டார்கள். டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவன் ஜெயிலில், ஒருவன் சர்ச்சில். கவிழ்ந்த பஸ்ஸிலிருந்துகூடத் திரையை மட்டும் மடிப்புக் கலையாமல் எடுத்து வந்தார்கள்.

"அது வெறும் துணி, வெர்லீன்" என்பான் ஹாய்ட், கேட்கும்போதெல்லாம்.

"வெறும் துணின்னா மடிச்சு உள்ள வையேன்."

"நீ சொல்லிடுவ. டிக்கெட் வாங்கறவன் என்னைத் தொங்கவிட்டுடுவான்."

வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்ட ஊர் இது; தொங்கவிடுவதைப் பற்றி யாரிடம் பேசுகிறோம் என்றுகூட அவனுக்குத் தோன்றாது.

இன்றைக்கு முதல் முறையாக ஒரு முழுப் பாட்டு வெர்லீனுக்கு. அதைக் கேட்க மகள் கெண்ட்ரா வந்திருக்கிறாள். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து, அந்தக் கொடி இருக்கிற மேடைப் பக்கம் வரமாட்டேன் என்று எட்டு வருடம் சொன்ன சொல்லில் நின்றவள். இப்போதும் வேலிக்கு வெளியேதான், அவித்த கடலை விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கையில் கார் சாவி.

'அது மேல ஏறினா நான் கிளம்பிடுவேன்மா' என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

பிக்கெட் துண்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே மணலுக்குப் போனார். லைட்டரைப் பற்றவைத்தார்.

"பன்னெண்டு செகண்டு காட்டுவேன். எடுத்ததும் தானா அணையணும்."

வெர்லீன் மனதுக்குள் எண்ணினாள். ஏழில் ஒரு தடவை தடுமாறி மறுபடி பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு. லைட்டரை எடுத்தார்.

நெருப்பு அணையவில்லை. விறுவிறுவென்று இடுக்கி வரைக்கும் ஏறியது. பிக்கெட் உதறிக் கீழே போட்டு பூட்ஸ் காலால் மிதித்தார்.

"இது மேல ஏறாது."

வெர்லீன் பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். பெரிய கொட்டாவி ஒன்றுதான் வந்தது, வாரக்கணக்கில் தூங்காதவளுக்கு வருகிற மாதிரி.

ஹாய்ட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"நாப்பது வருசத் திரைடா! தீப்பிடிக்காதுன்னு சர்டிபிகேட் இருக்குடா! இந்த அரசாங்கத்துக்கு வேற வேல இல்லையா?"

முன்வரிசைக்குச் சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தவர்களும் அவனோடு சேர்ந்து ஊளையிட்டார்கள். ஹாய்ட் திட்டிக்கொண்டே, பிக்கெட் நீட்டிய தாளில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

கிளம்பும்போது பிக்கெட் வெர்லீனிடம் குனிந்தார்.

"உங்க ஆளு நல்லா நடிக்கிறாரும்மா."

"யாரு?"

"தொப்பிய அடிச்சாரே, அவருதான். நாங்க சர்டிபிகேட்டப் பாத்துட்டுப் போயிடுவோம். நேத்து காலைல அவரே போன் பண்ணாரு. 'தாள நம்பாதீங்க, துணில சோப்பு வாசன அடிக்குது, யாரோ துவைச்சிருக்காங்க. தீப்பிடிக்காம இருக்கப் போட்ட மருந்தெல்லாம் போயிருக்கும், கொளுத்திப் பாருங்க'ன்னாரு."

வெர்லீன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

குழுவின் சட்டை, சாக்ஸ் எல்லாம் துவைப்பது அவள்தான். பெண் என்பதால் தலையில் கட்டின வேலை. போன மாதம், குதிரைப் போர்வை துவைக்கிற பெரிய மெஷினில் போட்டு, அந்தத் திரையை மூன்று தரம் சுற்றவிட்டாள். அதற்கப்புறம் போன ஊர்களிலெல்லாம் அதிகாரிகள் தாளைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போய்விட்டார்கள். ஒருத்தருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரே ஒரு போன். அதற்கு அவனுக்கு முப்பத்தோரு வருடம். அதுவும் திருட்டுத்தனமாக. பயந்தாங்கொள்ளிப் பயல்.

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு மேடையேறுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கெண்ட்ரா சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துகொண்டிருந்தாள்.

கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே ஹாய்ட் முன்வரிசைக்குக் கேட்கும்படி கத்தினான். "அடுத்த வாரமே புதுசு தைக்கக் குடுக்கறேன் பாருங்கடா!"

வெர்லீன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவன் காதருகே போனாள்.

"குடு. அதையும் நான்தான் துவைப்பேன்."